கிளீட்டஸ் அண்ணனுக்குப் பத்து நிமிடம்: அஜ்மானிலிருந்து தோஹாவுக்கு ஒரு படம் பார்க்க

"ஒரு படம் பாக்க ஃபிளைட்டா? உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று என் ரூமில் இருக்கும் லில்லி கேட்டாள். கேட்பாள்தான். பத்து திர்ஹம் மிச்சமாகும் என்று ஷார்ஜாவில் இறங்கி இரண்டு பஸ் மாறிப் போகிறவள் நான். இந்த வலைப்பூவைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் கஞ்சத்தனம் நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட நான் நவம்பர் கடைசியில் நான்கு நாள் லீவு போட்டு, அஜ்மானிலிருந்து தோஹாவுக்கு ஒரு திரைப்பட விழாவுக்குப் போய்வந்தேன். திரும்பி வந்து பல வாரம் ஆகியும் மனது நிறைந்தே இருக்கிறது. அந்த நிறைவு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இது.

நான் கிளினிக்கில் நர்ஸ், பெயர் ஷைனி, குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரி. படத்தை எடுத்தவர் ஷம்மா. ராஸ் அல் கைமாவைத் தாண்டி ரம்ஸ் என்று ஒரு மீனவ ஊர் இருக்கிறது, அந்த ஊர்ப் பெண். அவருடைய அப்பாவின் படகில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர் எங்கள் ஊர் கிளீட்டஸ் அண்ணன். தூரத்துச் சொந்தம், ஆனால் கூப்பிடுவது அண்ணன் என்றுதான். ஷம்மா அந்தப் படகையே படமெடுக்கத் தொடங்கியபோது, அண்ணனும் மற்ற பையன்களும் பேசும் தமிழ் அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. எங்கள் கடற்கரைத் தமிழ் மதுரைக்காரர்களுக்கே விளங்காது, அரபிப் பெண் என்ன செய்வார்? "எங்க ஊரு நர்ஸ் பிள்ளை ஒண்ணு அஜ்மான்ல இருக்கு" என்று அண்ணன் என் நம்பரைக் கொடுத்துவிட்டார். அப்படி ஒரு வருடத்துக்கு மேல், ஆஃப் நாட்களில் ஷம்மாவுடன் உட்கார்ந்து, துண்டு துண்டாக எடுத்த காட்சிகளில் வரும் பேச்சை ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தேன். வரிசையாக, முழுப் படமாக, நானும் பார்த்ததில்லை.

விழாக்களில் சுற்றும் இயக்குநர் என்றதும் சிவப்புக் கம்பளம், மின்னும் கவுன் என்று நானும் நினைத்திருந்தேன். ஷம்மா சொன்ன கதை வேறு. முதல் குறும்படம் ஒரு கல்லூரிப் போட்டியில் ஓடியது. பார்த்தவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். இரண்டாவது, எங்கோ கிழக்கு ஐரோப்பாவில் ஒரு சிறிய ஊரில் காலை பத்து மணிக் காட்சி. அரங்கில் பதினொரு பேர், அதில் ஒருவர் குளிருக்கு ஒதுங்கியவர். மூன்றாவதுக்குத்தான் பேர் கிடைத்தது. அதை வைத்து ஒரு உதவித்தொகை, அதை வைத்து இன்னொன்று, இப்படி ஐந்து வருடம் இழுத்து இந்த முழுநீளப் படம். முதலில் வட ஐரோப்பாவில் பனி கொட்டும் ஓர் ஊரில் காட்டினார்கள். ஒரு சிறப்புப் பரிசும் கிடைத்தது. அதன்பின் ஊர் ஊராக, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரே பெட்டி. "எல்லா ஊரிலும் அதே கேள்விதான் கேட்பார்கள், ஷைனி. உங்கள் அப்பா படத்தைப் பார்த்து என்ன சொன்னார் என்று. நான் சிரித்து வைப்பேன்" என்றார் ஒருமுறை.

சிரித்து வைத்ததற்குக் காரணம் உண்டு. அப்பா படத்தைப் பார்க்கவே இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். திரைப்பட விழாக்களுக்குள் ஒரு கறாரான வழக்கம் இருக்கிறது. போட்டியில் சேர வேண்டுமென்றால், அந்தப் பகுதியில் வேறெங்கும் அந்தப் படம் காட்டப்பட்டிருக்கக் கூடாது. வளைகுடாவில் முதல் காட்சி எங்களிடம்தான் என்று எழுதி வாங்கிவிடுவார்கள். ரம்ஸில் பெரியவர்கள் கூடி உட்காரும் மஜ்லிஸில் ஒரு திரை கட்டிப் போட்டுக் காட்டு என்று ஊரே கேட்டது. ஷம்மா முடியாது என்றார். தோஹா போட்டி போய்விட்டால் அடுத்த படத்துக்குப் பணம் போட ஆளில்லை. ஃபோனில் அனுப்பவும் பயம். ஒரு ஆளிடம் போனால் ஊர் முழுக்கப் போய்விடும்.

அப்பா அபூ ராஷிதுக்கு இது ஏறவில்லை. படகு கரைக்கு வந்ததும் வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஒரு பங்கு மீனை எடுத்து வைத்துவிட்டுத்தான் ஏலத்துக்கு அனுப்புவது அந்த ஊர் முறை. மகள் அதைத் தலைகீழாகச் செய்துவிட்டாள். வெளிநாட்டுக்காரனெல்லாம் பார்த்து முடித்த பிறகு தோஹாவில் போய் நான் பார்க்க வேண்டுமா, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதன்பின் வீட்டில் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அண்ணனிடம் நான் இதைச் சொன்னபோது, அவர் அர்பாப் பக்கம்தான் நின்றார். அர்பாப் என்றால் இங்கே முதலாளி. "வீட்டுக் கறிக்கு எடுக்காம ஏலத்துக்கு விட்டா நம்ம ஊர்லயும் அடிதானே நடக்கும், கேட்டியா?" என்றார்.

ஆக, அந்தப் படமே இரண்டு ஆட்களைப் பற்றியது, அந்த இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. இங்கே நம் ஆட்கள் மட்டும் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போக முடியாது, உள்ளூர்க்காரர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் அபூ ராஷிதும் கிளீட்டஸ் அண்ணனும் பதினான்கு வருடம், அநேகமாக எல்லா நாளும், ஒரே படகில்தான். கொஞ்சம் அரபி, கொஞ்சம் இந்தி, கொஞ்சம் மலையாளம், மீதி கையாட்டல் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. அதைத்தான் ஷம்மா படமாக்கியிருக்கிறார்.

இப்போது அண்ணன் விசா கேன்சல் செய்து ஒரேயடியாக ஊருக்குப் போகிறார். மகளுக்குக் கல்யாணம், திங்கட்கிழமை. மூன்று ஞாயிறும் கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தாகிவிட்டது. அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்கிவிடும், அப்புறம் கிறிஸ்துமஸ் தாண்டும்வரை கல்யாணம் கிடையாது. விழாக்காரர்கள் முதலில் சொன்ன நாள் வியாழக்கிழமை மாலை. சரி, வியாழன் தோஹாவில் படம், வெள்ளி இரவு அங்கிருந்தே திருவனந்தபுரத்துக்கு விமானம் என்று அண்ணன் டிக்கெட் போட்டுவிட்டார். பத்து நாள் முன்பு காட்சியைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். விழாக்களில் இது சகஜமாம். நமக்கு எப்படிச் சகஜம்? சனிக்கிழமை மணப்பெண்ணின் அப்பா பந்தலில் நிற்க வேண்டாமா? இப்போது விட்டால் அந்தப் படம் எங்கள் ஊர்ப் பக்கம் எந்தக் காலத்தில் வரும்?

ஷம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் ஒரு குரல் பதிவு வந்தது. வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அரங்கில் படத்தின் ஒளியும் ஒலியும் சரிபார்ப்பார்கள், இயக்குநர் தன் குழுவில் இரண்டு பேரைக் கூட்டிவரலாம், நீங்கள் இரண்டு பேரும் என் குழுதானே, வாருங்கள் என்றார். ஆனால் அந்தச் சோதனையில் பத்து நிமிடம்தான் ஓட்டுவார்கள், அதற்குமேல் என்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "பத்து நிமிசம் போதும் பிள்ளே. நம்ம மூஞ்சிய வேற எவ்வளவு நேரம் காணதுக்கு?" என்றார். சொன்ன விதத்திலேயே போதாது என்று எனக்குத் தெரிந்தது.

வியாழன் மதியம் கிளம்பினோம். அஜ்மானிலிருந்து ஷார்ஜா விமான நிலையத்துக்கு டாக்ஸி 48 திர்ஹம். எனக்குப் போகவர டிக்கெட் 520, முன்பே போட்டால் இதைவிடக் குறையும். பறக்கும் நேரம் ஒரு மணிக்குச் சற்று மேல். தண்ணீர் வாங்கிக் குடித்து முடிப்பதற்குள் பெல்ட் போடச் சொல்லிவிடுவார்கள். தோஹா நம்மைவிட ஒரு மணிநேரம் பின்னால், அதனால் ஏறிய நேரத்துக்கே ஏறக்குறைய இறங்கியும் விடலாம். இமிகிரேஷனில் அண்ணனின் கேன்சலான விசாத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அதிகாரி, எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார்.

"சினிமா" என்றார் அண்ணன்.

"ஆக்டர்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்திரை குத்தினார். ஊருக்குத் திரும்புகிற டிக்கெட்டையும் ஹோட்டல் முன்பதிவையும் கையில் அச்செடுத்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

விமான நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது. சிவப்பு வழியில் ஏறி, மஷெய்ரிபில் மாறி, பச்சை வழியில் மன்சூரா. ஆளுக்கு 2 ரியால்தான். அங்கிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நஜ்மாவுக்கு நடந்தோம். நஜ்மா தோஹாவின் பழைய பக்கம். துபாயில் சத்வா பகுதி பிடித்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும். தையல்கடை, செல்ஃபோன் கடை, பொரோட்டா தட்டும் சத்தம், எல்லாம் உண்டு. சிறிய ஹோட்டலில் ஆளுக்கொரு ரூம், ஒரு நாளுக்கு 140 ரியால். ராத்திரி ஒரு தமிழ்க் கடையில் தோசையும் மீன்குழம்பும், இரண்டு பேருக்கும் சேர்த்து 31 ரியால். மீன் எப்படி என்று கேட்டேன். "ஐஸ்ல கெடந்தது. ஆனா குழம்பு வச்சவனுக்குக் கைப்பதம் உண்டு" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார். மகளுக்கு எடுத்த சேலையை ரூமில் பிரித்துக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. அண்ணன் வெள்ளைச் சட்டை, தேய்த்த பேண்ட், பவுடர் சகிதம் நிற்கிறார். நேரமாச்சு என்றார். அடித்துப்பிடித்துக் கிளம்பினோம். வெள்ளி காலையில் மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும், அதனால் டாக்ஸி, 17 ரியால். ஓட்டியவர் நேபாளி. "இவ்வளவு சீக்கிரம் அங்க யாரும் இருக்க மாட்டாங்க பாய்" என்று இந்தியில் சொன்னார். போய்ப் பார்த்தால் அரங்கின் கண்ணாடிக் கதவு பூட்டியிருக்கிறது, வாட்ச்மேன் கொட்டாவி விடுகிறார். அப்புறம்தான் அண்ணனின் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அது இன்னும் ரம்ஸ் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணிநேரம் முன்னால் வந்து நிற்கிறோம். வளைகுடாவில் நாடு மாறிப் போகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தப்பு இது, நீங்களும் செய்வீர்கள். எனக்கு வந்த கோபத்தில் நன்றாகத் திட்டினேன். "பிந்தாம வந்தோம்லா, விடு மக்ளே" என்றார். வாட்ச்மேன் தன் பிளாஸ்கிலிருந்து எங்களுக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன், நன்றி, பாய்.

எட்டே கால் இருக்கும், ஷம்மா வந்தார். அபாயா என்ற கறுப்பு அங்கிக்குக் கீழே ஓட்டக்காரர்கள் போடும் ஷூ, கையில் காப்பி. அண்ணனைப் பார்த்ததும் ஓடிவந்து நெஞ்சில் கைவைத்து வணங்கினார். உள்ளே போனோம். நானூறு இருக்கை இருக்கும், ஒருவரும் இல்லை. எங்கே உட்கார்வது என்றே அண்ணனுக்குத் தெரியவில்லை, எல்லாமே காலி என்றால் எதை எடுப்பது? கடைசியில் நடுவில் ஓரிடம் பார்த்து உட்கார்ந்தார். படம் ஓட்டுபவர் சூடான்காரர், உஸ்மான், ஐம்பது வயதைத் தாண்டியவர். முதல் ஐந்து நிமிடம், நடுவில் சத்தமான இடம் ஒன்று, சப்டைட்டில் தெரிகிறதா என்று ஒரு பார்வை, அவ்வளவுதான், அடுத்து ஒன்பது மணிக்கு இன்னொரு படம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

விளக்கு அணைந்தது. கடல் வந்தது. படகின் முனையில் ஓர் ஆள், கையைக் கண்ணுக்கு மேலே வைத்து, மீன் பிடிக்கக் கடலுக்குள் இறக்கிய கம்பிக்கூண்டின் மிதவையைத் தேடுகிறார். அவ்வளவு பெரிய திரையில் கிளீட்டஸ் அண்ணன். பக்கத்தில் இருந்த நிஜ அண்ணனின் கை முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டது. படத்தில் அபூ ராஷித் கத்துகிறார், அண்ணன் திருப்பிக் கத்துகிறார். சர்க்கரை வியாதிக்காரரான முதலாளியிடமிருந்து சீனி டப்பாவை ஒளித்துவைக்கிறார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். படம் நின்றது. விளக்கு எரிந்தது. பத்து நிமிடம் ஆகியிருந்தது.

அண்ணன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "கண்டாச்சு. போதும். போலாம்" என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். ஷம்மா மேலே, ஓட்டும் அறையின் சிறு ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். கேட்பதா வேண்டாமா என்று அவருக்குத் தயக்கம்.

உஸ்மான் தானே இறங்கி வந்தார். வந்தவர் அண்ணனின் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு திரையைக் காட்டினார், அண்ணனைக் காட்டினார். ஷம்மா ஆமாம் என்று சொல்லி, ராத்திரி இவருக்கு விமானம், மகள் கல்யாணம் என்று அரபியில் எல்லாவற்றையும் சொன்னார். உஸ்மான் தாடியைத் தடவினார். அடுத்த படத்துக்காரர்களுக்கு ஃபோன் போட்டார். அவர்கள் இன்னும் எழுந்திருக்கவே இல்லையாம், பன்னிரண்டுக்கு மேல் வருகிறோம் என்றார்கள். பிறகு எங்களைப் பார்த்து ஆங்கிலத்தில், ரொம்பக் கண்டிப்பான முகத்தோடு சொன்னார்: "சத்தம் எனக்குத் திருப்தியில்லை. முழுப் படத்தையும் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். நீங்கள் உட்காருங்கள்."

மறுபடி முதலிலிருந்து போட்டார். அந்த மனிதருக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒன்றரை மணிநேரப் படத்தில் எனக்கு மறக்காத இடம் ஒன்று. நடுக்கடலில் அபூ ராஷித் படகின் தளத்தில் பாய் விரித்து, மெக்கா இருக்கும் மேற்குத் திசையைப் பார்த்துத் தொழுகிறார். அலையில் படகு தானாகத் திரும்பும் அல்லவா? பின்னால் அண்ணன் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, சத்தமே இல்லாமல் படகைப் பிடித்து நிறுத்துகிறார். படகு இப்படித் திரும்பினால் துடுப்பு அப்படி. முகத்தில் வியர்வை வழிகிறது. பெரியவருக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. தொழுகை முடிந்து அவர் திரும்பும்போது அண்ணன் துடுப்பை எடுத்துவைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருக்கிறார். இந்தக் காட்சியில் பேச்சே இல்லை, அதனால் என்னிடம் வந்ததும் இல்லை. அண்ணனைப் பார்த்தேன். "இத எதுக்குப் பிடிச்சா இந்தப் பிள்ளை?" என்று முணுமுணுத்தார். தன் திருட்டை யாரோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி நெளிந்தார்.

படம் முடிந்தது. விழாக்களில் படம் முடிந்ததும் இயக்குநர் முன்னால் வந்து நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்வது முறை. ஷம்மா விளையாட்டுப்போல எழுந்து போய்த் திரைக்கு முன்னால் நின்றார். "ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்றார் ஆங்கிலத்தில். நான் தமிழில் சொன்னேன். அண்ணன் பள்ளிக்கூடத்தில் எழுந்திருப்பதுபோல எழுந்தார்.

"அர்பாப் கண்டாச்சா?"

நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஷம்மாவின் முகம் மாறிவிட்டது. இல்லை, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், ஒரு இருக்கையில் பெயர் எழுதி ஒதுக்கி வைத்திருக்கிறேன், அது காலியாகத்தான் இருக்கும் என்றார். அத்தனை ஊர்களில் சிரித்தே சமாளித்தவர் அங்கே அழுதார்.

அண்ணன் ஃபோனை எடுத்து, அங்கேயே நின்று, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். படகில் பேசும் அதே பேச்சு. "அர்பாப், அனா ஷூஃப் ஃபிலிம். வாஜித் ஜேன்." நான் படம் பார்த்துவிட்டேன், ரொம்ப நன்றாக இருக்கிறது. அந்தப் பக்கம் பெரியவர் உறுமுவது கேட்டது. உனக்கு மட்டும் எப்படிக் காட்டினாள் என்று சண்டைக்கு வந்தார். அண்ணன் அசரவில்லை. வீட்டுக்கு எடுக்கும் மீனைத்தான் இன்றைக்கு எடுத்திருக்கிறாள், நான் நம் படகு ஆள், நான் சாப்பிட்டாகிவிட்டது, நம் பக்கத்து ஏலம் நாளைக்குத்தான், முறை தப்பவில்லை என்று மூன்று மொழியையும் பிசைந்து சொன்னார். கடைசியில், "பக்ரா இன்தா தால். மாஃபி முஷ்கில். கலாஸ்" என்று, நாளைக்கு நீங்கள் வாருங்கள், ஒரு பிரச்சினையும் இல்லை, அவ்வளவுதான் எனச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வைத்தும்விட்டார்.

"வருவாரா அண்ணே?" என்றேன்.

"தெரியல. நான் சொன்னா சில நேரம் கேப்பாரு. சில நேரம் செருப்ப எடுப்பாரு."

அன்று மாலையே அவரை விமான நிலையத்தில் விட்டேன். உஸ்மானுக்குக் கொடுக்கச் சொல்லி, மகள் கல்யாணத்துக்கு வாங்கிய மிட்டாய் டப்பாவில் ஒன்றை என் கையில் திணித்தார். ஒரு முறை திரும்பிக் கையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை பகல் முழுவதும் கடற்கரை நடைபாதையிலும் பழைய சந்தையிலும் சுற்றினேன். மனம் சுற்றவில்லை. மாலை ஆறுக்கு அரங்க வாசலுக்குப் போனால், தூசி படிந்த ஒரு லேண்ட்க்ரூஸர் வந்து நிற்கிறது. ரம்ஸிலிருந்து சவூதி எல்லை வழியாக, எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். பெரியவர் விமானத்தில் ஏறமாட்டார். மகன் ராஷித் விடியலிலிருந்து ஓட்டியிருக்கிறார். அபூ ராஷித் கைத்தடியை ஊன்றி இறங்கி, வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். அவள் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு உள்ளே நடந்தார்.

அரங்கம் நிறைந்திருந்தது. துடுப்புக் காட்சி வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை, இரண்டு வரிசை முன்னால் இருந்த பெரியவரைத்தான் பார்த்தேன். தலையில் கட்டியிருந்த துணியின் நுனியை எடுத்து முகத்தில் வைத்தார், அந்தக் காட்சி முடிந்தும் எடுக்கவில்லை. படம் முடிந்து எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். வெளியே கூட்டத்தில் ஷம்மா என்னை அவரிடம் கூட்டிப்போய், கிளீட்டஸின் ஊர்க்காரி என்றார். பெரியவர் என்னிடம் அரபியில் மெதுவாக ஏதோ சொன்னார். ஷம்மா அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

"நான் தொழும்போதெல்லாம் கடல் அமைதியாகிவிடும் என்றுதான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனிடம் சொல்."

அதன்பின் எல்லோருமாக நஜ்மாவுக்குச் சாப்பிடப் போனோம்.

போக நினைப்பவர்களுக்கு நான்கு வார்த்தை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே போய் இறங்கியதும் விசா கிடைக்கிறது, ஆனால் ஹோட்டல் முன்பதிவு கேட்பார்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் முன் நீங்களே பாருங்கள். காரில் போகலாம் என்று யோசித்தால், நடுவில் சவூதி வருவதால் நமக்குத் தனி அனுமதி வேண்டும். அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். துபாய்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையை நம்பித் திட்டம் போடாதீர்கள். விழாவில் டிக்கெட் 35 ரியால்தான், நம் ஊர் சினிமாவுக்கு இங்கே கொடுப்பதைவிடக் குறைவு. பெரிய பெயர்களை விட்டுவிட்டு, கேள்விப்படாத இயக்குநர் ஒருவரின் படத்துக்குப் போங்கள். காலை பத்து மணிக் காட்சியில் பதினொரு பேருக்காக அந்த ஆள் எங்கிருந்தோ பெட்டியோடு வந்து நிற்பார், பன்னிரண்டாவது ஆளாக நீங்கள் இருந்தால் அவருக்கு அது பெரிது. படம் முடிந்ததும் ஒரு கேள்வியும் கேளுங்கள். சோதனைக் காட்சியைப் பற்றி எழுதலாமா என்று ஷம்மாவிடமும் உஸ்மானிடமும் கேட்டுவிட்டேன். குழுவில் இருப்பவர்கள் வருவதில் தப்பே இல்லை, சத்தமும் சரிபார்த்தாயிற்று என்று உஸ்மான் சிரித்தார்.

ஞாயிறு மதியம் தோஹா விமான நிலையத்திலிருந்து அண்ணனைக் கூப்பிட்டேன். பந்தல் போடும் சத்தம், மைக்கில் பாட்டு, யாரோ ஜெனரேட்டருக்கு டீசல் கேட்டுக் கத்துகிறார்கள். சத்தத்துக்கு மேலே நானும் கத்தித்தான் சொன்னேன்: அர்பாப் காரில் வந்தார், முழுசாகப் பார்த்தார், துணியை முகத்தில் வைத்தார், கடலைப் பற்றி இப்படிச் சொல்லச் சொன்னார் என்று.

"அத விடு. அவரு சாப்பிட்டாரா? பசி தாங்கமாட்டாரு, கேட்டியா."

"சாப்பிட்டாரு அண்ணே. மகளும் அவரும் ஒரே தட்டுல."

"அப்ப சரி மக்ளே" என்று சொல்லிவிட்டு, டீசல் வாங்கப் பணம் கொடுக்கப் போய்விட்டார்.